மூளைக்குக் காவல் எது?

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால், பேரருவிக்குப் போகிற வழியெல்லாம் கடைகள் நிறைந்துவிடும். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்த பழக்கடைகளுக்கு நடுவே நாட்டு மருந்துக் கடைகள் இருக்கும். வல்லாரைப் பொடி, நீர்ப்பிரமி, பூனைக்காலி விதை, வகைவகையான தைலங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். மலையில் மூலிகைகளில் பட்டு இறங்குகிற தண்ணீர் நோயைத் தீர்க்கும் என்று நம்பி வருகிறவர்கள், ஊர் திரும்பும்போது அந்த மூலிகைகளில் கொஞ்சம் பொட்டலமாகவும் வாங்கிப் போகிறார்கள். பிள்ளையின் ஞாபகசக்திக்கு ஒன்று, தாத்தாவின் கைநடுக்கத்துக்கு ஒன்று, பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியம்மாவுக்கு ஒன்று. மூளைக்குக் குளிர்ச்சி என்று சொல்லி விற்ற காலம் போய், 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று சொல்லி விற்கும் காலம் வந்திருக்கிறது. தென்காசியின் ஆங்கில மருந்துக் கடைகளில் சத்து மாத்திரை அட்டைகளிலும் இதே சொல்தான் அச்சாகி வருகிறது. இரண்டு கடைகளும் ஒரே தர்க்கத்தை நம்புகின்றன. மூளையை அழிப்பது ஆக்சிஜனேற்றம். இந்தப் பொருள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். ஆகவே இது மூளையைக் காக்கும்.

இந்த மூன்று வாக்கியங்களில் முதல் இரண்டுக்கும் ஆய்வகச் சான்று ஏராளம். மூன்றாவது மட்டும் மனிதர்களிடம் சோதித்தபோதெல்லாம் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பொய்த்திருக்கிறது. நாற்பது ஆண்டு நரம்பியல் ஆராய்ச்சி நமக்குக் கொடுத்திருக்கும் மிகப் பெரிய பாடம் இதுதான் என்பேன். நாட்டு மருந்தா, ஆங்கில மருந்தா என்ற சண்டைக்கு இந்தப் பாடத்தில் வேலையில்லை. எந்த மருந்தானாலும், சோதனைக் குழாயில் செய்து காட்டியது போதுமா, மனிதரிடம் செய்து காட்ட வேண்டுமா என்பதே கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால், மூளையை உண்மையிலேயே காக்கும் மருந்து எது என்பதும் தெளிந்துவிடும்.

மூளை ஏன் எளிதில் அடிபடுகிறது

மனித மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அந்த ஆக்சிஜனைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றலை எடுக்கிறது. விறகடுப்பு எரியும்போது ஒன்றிரண்டு பொறி தெறிப்பதுபோல, இந்த வேலையின்போது எலக்ட்ரான்கள் சில வழி தவறி ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப் பிறப்பது சூப்பராக்சைடு. எலக்ட்ரான் ஒன்று துணையில்லாமல் நிற்கும் இத்தகைய மூலக்கூறுகளையே ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். பக்கத்தில் இருப்பதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துத் தன் குறையைத் தீர்த்துக்கொள்வது அவற்றின் இயல்பு. பறிகொடுத்தது கொழுப்பாக இருந்தால் செல்லின் உறை பழுதாகிறது. புரதமாக இருந்தால் அதன் வேலை கெடுகிறது. மரபணு இழையாக இருந்தால் அது முறிகிறது. உடலிடம் இதற்குக் காப்பும் உண்டு. சூப்பராக்சைடை அடக்கும் நொதியை 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். பிறக்கும் ராடிக்கல்களின் அளவு காப்பின் பலத்தை மீறும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

மூளையில் இந்தக் கணக்கு எளிதில் தப்புகிறது. நரம்பணுக்களின் உறைகளில் ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாகும் வகைக் கொழுப்பு மிகுதி. கல்லீரலோடு ஒப்பிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் நொதி மூளையில் குறைவு. பார்க்கின்சன் நோயில் அழியும் நடுமூளைப் பகுதியில் இரும்பும் அதிகம். அங்கே சுரக்கும் டோபமைன் என்ற வேதித்தூதுப் பொருளே தானாக ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியது. போதாக்குறைக்கு, இறந்த நரம்பணுவின் இடத்தைப் பெரும்பாலும் புதியது நிரப்புவதில்லை. அல்சைமர், பார்க்கின்சன், பக்கவாதம் ஆகிய மூன்றிலும் பாதிக்கப்பட்ட மூளைத்திசுவில் ஆக்சிஜனேற்றச் சிதைவின் தடயங்களை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறார்கள். பக்கவாதத்தில், அடைபட்ட குழாய் திறந்து ரத்தம் திரும்பப் பாயும் நொடியில் ராடிக்கல்கள் பெருகுகின்றன. ஆகவே நோயின் வேதியியலில் ஆக்சிஜனேற்றத்துக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயம் இல்லை. அந்தப் பங்கைத் தடுத்தால் நோய் நிற்குமா என்பதுதான் தனிக் கேள்வி.

மனிதரிடம் சோதித்தபோது

அந்தக் கேள்விக்கு விடை தேடி நடந்த பரிசோதனைகள் பல. நல்ல பரிசோதனையில் பாதிப்பேருக்கு மருந்தும் பாதிப்பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் குலுக்கல் முறையில் போகும். யாருக்கு எது போனது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. பார்க்கின்சன் நோயின் தொடக்கத்தில் இருந்த 800 பேரிடம், நாளொன்றுக்கு 2,000 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்து இப்படிச் சோதித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. நோயின் நடை சற்றும் தளரவில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவும் என்று பெரிதும் நம்பப்பட்ட கோஎன்சைம் க்யூ10, 600 பார்க்கின்சன் நோயாளிகளிடம் பெரிய அளவுகளில் கொடுக்கப்பட்டது. பயனில்லை என்று 2014இல் தெரிந்தது. யூரிக் அமிலம் உடலின் இயல்பான ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதால், அதைக் கூட்டிப் பார்த்த பரிசோதனையும் 2021இல் அதே முடிவைச் சொன்னது. மறதிநோயே வராமல் தடுக்குமா என்று 7,500க்கும் மேற்பட்ட முதிய ஆண்களிடம் வைட்டமின் ஈயும் செலினியமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

பக்கவாதத்தின் கதை இன்னும் கசப்பானது. 2006இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பக்கவாதத்திலிருந்து மூளையைக் காக்க உலகம் முழுவதும் முயன்று பார்த்தவற்றைக் கணக்கெடுத்தார்கள். அதுவரை ஆய்வகங்களில் 1,026 சிகிச்சைகள் சோதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் 114 மனிதர்வரை வந்திருந்தன. எலிகளில் பலவும் வென்றன. மனிதரில் நிலைத்த வெற்றி என்று மூளைக்காப்பு மருந்து எதுவும் நிற்கவில்லை. அதே ஆண்டு, ராடிக்கல்களைப் பிடித்து அடக்கும் என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சிறு நன்மை காட்டியது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த ஆண்டு சுமார் 3,300 பேரிடம் மறுபடி சோதித்தபோது அந்த நன்மை காணாமல் போனது. நம் ஊர் மருத்துவச் சீட்டுகளில் பக்கவாதத்துக்கு இன்றும் அடிக்கடி இடம்பெறும் சிட்டிகோலின், ஐரோப்பாவில் 2,298 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. வெற்று மருந்தைவிட மேலானதல்ல என்று 2012இல் முடிவு வந்தது. ஆக, சான்றில்லாமல் விற்கிற குற்றம் நாட்டு மருந்துக் கடையுடையது மட்டும் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இந்தப் பட்டியலில் பாதி உயிரோடு நிற்கும் மருந்து ஒன்று உண்டு: ஜப்பானின் எடராவோன். ராடிக்கல்களை அடக்கும் இந்த மருந்துக்குப் பக்கவாதத்துக்காக 2001இல் ஜப்பான் அனுமதி தந்தது. தசைகளை முடக்கும் மோட்டார் நியூரான் நோய்க்கு 2015இல் ஜப்பானும் 2017இல் அமெரிக்காவும் அனுமதித்தன. அந்த அனுமதிக்கு ஆதாரமாக நின்றது, கவனமாகத் தேர்ந்தெடுத்த 137 நோயாளிகளிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வு. பின்னால் ஜெர்மனியில் நடைமுறைச் சிகிச்சையில் பார்த்தபோது அந்த நன்மை தெரியவில்லை. வாய்வழி கொடுத்த இன்னொரு வடிவமும் 2024இல் தோற்றது. ஒரு கொள்கையின் மிகச் சிறந்த பிரதிநிதியே இவ்வளவு தடுமாறுகிறது என்றால், கொள்கையைத்தான் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏன் பொய்த்தது

இந்தக் கொள்கை பொய்த்ததற்கு மிகத் துலக்கமான சாட்சி 2012இல் வெளியான ஒரு சிறு ஆய்வு. 78 அல்சைமர் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, லிப்போயிக் அமிலம் மூன்றும் சேர்த்துப் பதினாறு வாரம் கொடுத்தார்கள். தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தபோது கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் அடையாளப் பொருள் குறைந்திருந்தது. அதாவது, மருந்து தன் வேதியியல் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் அதே பிரிவினரின் நினைவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தது. ஆக்சிஜனேற்றம் குறைந்தது, மனிதர் தேறவில்லை. 'ஆகவே' என்ற சொல் உடைந்துபோகும் இடம் இது.

காரணங்களை இன்று ஓரளவு சொல்ல முடிகிறது. முதலாவது, ராடிக்கல்கள் வெறும் கழிவு அல்ல. செல்கள் தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்ளவும், தற்காப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்ளவும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. 2009இல் ஜெர்மனியில் இளைஞர்களை உடற்பயிற்சி செய்யவைத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் வைட்டமின் சியும் ஈயும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களின் உடலில் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. சாப்பிட்டவர்களுக்கு அந்த நன்மையே கிட்டவில்லை. பயிற்சியில் பிறக்கும் ராடிக்கல்தான் உடலைப் பழக்குகிறது, அதை மாத்திரை அணைத்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இரண்டாவது, காலம். கைநடுக்கம் கண்ணுக்குத் தெரியும் நாளில் நடுமூளைப் பகுதி நரம்பணுக்களில் கணிசமான பங்கு ஏற்கெனவே போயிருக்கும். பக்கவாதத்திலோ, எலிக்கு மருந்து சில நிமிடங்களில் போகிறது. மனிதருக்குப் பல மணி நேரம் கழித்து. மூன்றாவது, சோதனை எலி இளமையானது, நோயற்றது. நம் நோயாளி அறுபது தாண்டியவர், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்தவர். நான்காவது, வாயில் போட்ட பொருளில் எவ்வளவு குடலைக் கடந்து, கல்லீரலைக் கடந்து, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பையும் கடக்கிறது என்ற கேள்வி. மங்குஸ்தான் தோலின் சாறு கண்ணாடிக் குப்பியில் ராடிக்கல்களை அடக்குவது உண்மைதான். ஆனால் குப்பியில் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை, அந்தத் தடுப்பும் இல்லை.

பூனைக்காலி சொல்லும் பாடம்

அப்படியானால் பொதிகை மலைச்சரிவின் மூலிகைகளில் ஒன்றுமே இல்லையா? நிறையவே இருக்கிறது. அதற்குப் பூனைக்காலியைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. தொட்டால் அரிக்கும் சுனை போர்த்திய காய். உள்ளே வழவழப்பான விதை. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் அந்த விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது எதற்கு உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. இருபது ஆண்டு கழித்து ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன், ரெசர்பைன் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களுக்கு, மூளையில் டோபமைனாக மாறும் டோபாவைக் கொடுத்தார். அவை எழுந்து நடந்தன. அந்த ரெசர்பைனும் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்த மருந்துதான். மூளையில் டோபமைனின் பங்கு இப்படித்தான் புலப்பட்டது. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. 1967இல் ஜார்ஜ் காட்சியாஸ் சரியான அளவைக் கண்டுபிடித்த பிறகு, லெவோடோபா உலகெங்கும் பார்க்கின்சன் நோயின் முதன்மை மருந்தாயிற்று. இன்றும் அதுவே முதன்மை.

இந்த வரலாற்றில் இன்னொரு திருப்பம் நம் வாதத்துக்கு மிக முக்கியம். 1990களில் ஆய்வகத் தட்டுகளில் வளர்த்த நரம்பணுக்கள் மீது லெவோடோபாவை ஊற்றியபோது அவை செத்தன. டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடைந்து ராடிக்கல்களை உண்டாக்குகிறது, எனவே மருந்தே நோயை வேகப்படுத்தும் என்ற அச்சம் எழுந்தது. அந்த அச்சத்தில் பல நோயாளிகளுக்குச் சிகிச்சை தள்ளிப்போடப்பட்டது. 2019இல் 445 நோயாளிகளைக் கொண்ட ஐரோப்பிய ஆய்வு, மருந்தை முன்னதாகத் தொடங்கியவர்களுக்கும் நாற்பது வாரம் தள்ளித் தொடங்கியவர்களுக்கும் கடைசியில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. லெவோடோபா நோயை வேகப்படுத்தவும் இல்லை, தாமதப்படுத்தவும் இல்லை. அறிகுறிகளைத் தணித்து மனிதரை நடமாட வைத்தது. ஆக, ஆய்வகத் தட்டு இரண்டு திசையிலும் தவறாக வழிகாட்டியிருக்கிறது. காக்கும் என்று அது சொன்னவை காக்கவில்லை. கெடுக்கும் என்று சொன்னது கெடுக்கவில்லை. பூனைக்காலி மூளையைக் காக்கும் என்று விற்பவர், அறிகுறி தணிவதையும் நரம்பணு பிழைப்பதையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

மற்ற இரண்டு மூலிகைகளையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். நீர்ப்பிரமியை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அதில் செயல்படும் வேதிப்பொருள்களான பாகோசைடுகளை அடையாளம் கண்டது. நலமாக உள்ளவர்களிடம் பன்னிரண்டு வாரம் கொடுத்த சில சிறு பரிசோதனைகளில் நினைவுகூரும் திறனில் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. இது மதிக்கத்தக்க தொடக்கம். மறதிநோயைத் தடுக்கும் என்பதற்கு இது சான்றாகாது. வல்லாரை பற்றிய மனிதப் பரிசோதனைகளை 2017இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்கள், அறிவாற்றலில் வெற்று மாத்திரையைவிட மேம்பாடு இல்லை, விழிப்புநிலையில் சிறிது நன்மை இருக்கலாம் என்றார்கள். வல்லாரைத் துவையல் நல்ல உணவு, அதைச் சாப்பிடத் தடையேதும் இல்லை. பரீட்சைக்கு மருந்து, பக்கவாதத்துக்கு மருந்து என்று அதைச் சொல்ல மட்டும் ஆதாரம் இல்லை.

மறுப்புகள்

தலைமுறை தலைமுறையாகச் சித்தர் மரபு பார்த்துச் சொன்னதைப் பதினாறு வார ஆய்வு தள்ளிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மரபின் கண் கூர்மையானது. பூனைக்காலியை நரம்பு நோய்களோடு சேர்த்துப் பார்த்தது அந்தக் கண்தான். ஆனால் அந்தக் கண்ணுக்கு எட்டியது எது? மருந்து குடித்த சில நாளில் நடுக்கம் தணிவதை ஒரு வைத்தியர் பார்க்க முடியும். இருபது ஆண்டுகளில் எத்தனை பேருக்கு மறதி வராமல் போயிற்று என்பதை எந்தத் தனி வைத்தியரும், எந்தத் தனி நரம்பியல் நிபுணரும் பார்த்துவிட முடியாது. ஒப்பிட ஒரு கூட்டமும் எண்ணிக்கையும் இல்லாமல் தடுப்பு என்பது யார் கண்ணுக்கும் தென்படாது. மரபைக் குறைசொல்ல இதில் இடமில்லை. கேள்வியின் இயல்பே அது.

இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது, முயன்று பார்ப்பதில் என்ன கெட்டுவிடும் என்பது அடுத்த வாதம். ஐந்து கிராம் பூனைக்காலிப் பொடியில் 200 மில்லிகிராம் அளவுக்கு லெவோடோபா இருக்கக்கூடும். விதைக்கு விதை அளவு மாறும். ஏற்கெனவே லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் சொல்லாமல் இந்தப் பொடியையும் சேர்த்தால், கைகால் தானாக இழுப்பது, மாயக்காட்சிகள், ரத்த அழுத்தம் திடீரென இறங்குவது எல்லாம் நேரலாம். பொடியை மட்டுமே பல வாரம் தொடர்ந்த ஒரு சிறு ஆய்வில், வயிற்றுத் தொல்லையாலோ நோய் கூடியதாலோ பாதிப்பேர் விலகினார்கள். வல்லாரை மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. வைட்டமின்களும் விலக்கல்ல. புகைபிடிப்போருக்குக் கொடுத்த பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றைக் கூட்டியது. வைட்டமின் ஈ மூளை ரத்தக்கசிவை ஓரளவு கூட்டுவதாகப் பல பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் 2010இல் சொன்னார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல், 'மூளை மருந்து சாப்பிடுகிறேனே' என்ற நிம்மதியில் பிபி மாத்திரையை நிறுத்திவிடுவது.

பரிசோதனைகள்தான் தவறு, தாமதமாகக் கொடுத்தார்கள், தனி மருந்தாகக் கொடுத்தார்கள் என்பது விஞ்ஞானிகள் தரப்பு மறுப்பு. இதில் பலம் உண்டு. அமெரிக்காவில் 613 முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், அல்சைமர் வந்தவர்களின் அன்றாடச் செயல்திறன் குறைவதை வைட்டமின் ஈ ஓரளவு தாமதப்படுத்தியது. சீனாவில் எடராவோனோடு இன்னொரு பொருளைச் சேர்த்த மருந்து பக்கவாதத்தில் நன்மை காட்டியிருக்கிறது. கதவு முழுவதும் மூடிவிடவில்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதற்கும் மருந்து கிடைத்துவிட்டது என்பதற்கும் உள்ள தூரத்தைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட ஒரு வரியால் கடந்துவிட முடியாது. அயல்நாட்டில் வென்றது இங்கும் வெல்லும் என்றும் சொல்ல முடியாது. பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தையின் உடலைக் குளிர்வித்து மூளையைக் காப்பது செல்வ நாடுகளில் நிலைநாட்டப்பட்ட சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்தபோது, குளிர்வித்த பிரிவில் 42 சதவீதமும் குளிர்விக்காத பிரிவில் 31 சதவீதமும் இறந்தன. 2021இல் வெளியான அந்த முடிவு, நம் குழந்தைகளிடம் நாமே சோதித்துப் பார்க்காமல் எதையும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று சொல்கிறது. மேலைநாட்டு மருந்துக்கும் இதுவே விதி என்றால், மலை மூலிகைக்கு மட்டும் எப்படி விலக்கு கொடுப்பது?

நிரூபணமான காவல்

ஆக்சிஜனேற்றத்தை மூளைக்குள் போய் அணைக்கப் பார்த்த மருந்துகள் தோற்றன. அது பிறக்கும் இடத்திலேயே குறைக்கும் வழிகள் வென்றிருக்கின்றன. ரத்தக் கொதிப்பு கூடும்போது குழாய்ச் சுவரின் செல்களே சூப்பராக்சைடை அதிகம் உண்டாக்குகின்றன. சர்க்கரை கூடினாலும் அப்படியே. குழாய் இறுகி மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, ஒருநாள் அடைக்கிறது அல்லது வெடிக்கிறது. மேல் ரத்த அழுத்தத்தைப் பத்துப் புள்ளி குறைத்தால் பக்கவாத அபாயம் கால்பங்குக்கு மேல் குறைகிறது என்பது லட்சக்கணக்கானோரிடம் உறுதியானது. மறதிநோய்க்கும் இப்போது சான்று வந்திருக்கிறது. சீனாவின் 326 கிராமங்களில் ரத்தக் கொதிப்பு கட்டுப்படாத 33,995 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிக் கிராமங்களில், முறையான மருத்துவப் பட்டம் இல்லாத கிராமச் சுகாதாரப் பணியாளர்களே எளிய மாத்திரைகளைக் கொடுத்து, அளந்து, விடாமல் தொடர்ந்தார்கள். நான்கு ஆண்டு முடிவில் அந்தக் கிராமங்களில் மறதிநோய் 15 சதவீதம் குறைவு. முடிவு வெளியானது 2025இல். எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் இந்த அளவில் இப்படியொரு எண்ணைக் காட்டியதில்லை.

இந்தக் காவல் தென்காசி மாவட்டத்துக்குத் தூரத்து விஷயமே இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. சீனக் கிராமங்களில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். மாத்திரையைக் கொடுப்பதோடு நில்லாமல், அழுத்தம் இலக்குக்கு இறங்கும்வரை அளவை மாற்றிக்கொண்டே போனதுதான் அங்கே முக்கியமாகக் கூடுதலாக நடந்தது. அதோடு, பக்கவாதம் வந்தால் நேரமே மருந்து. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போக வேண்டும். திருநெல்வேலி அரசு மருத்துவமனை தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் கைவைத்தியத்தில் ஒரு மணி நேரத்தைக்கூடப் போக்காமல் 108ஐ அழைப்பது எந்தப் பொடியும் தராத மூளைக்காப்பு. வயலில் தெளிக்கும் களைக்கொல்லியிடம் கவனமாக இருப்பதும் இந்தக் காவலில் சேரும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி செடிகளைக் கொல்வதே சூப்பராக்சைடைப் பெருக்கித்தான். பாராகுவாட்டோடு நெடுநாள் புழங்கியவர்களிடம் பார்க்கின்சன் நோய் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முகமூடியும் கையுறையும் இல்லாமல் தெளிக்கும் விவசாயிக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் பொட்டலம் பரிகாரம் ஆகாது.

சித்த மருத்துவத்துக்கு உண்மையான மரியாதை, அதைச் சோதிக்கத் தகுந்ததாக நடத்துவதில்தான் இருக்கிறது. பழைய நூல்களின் முறைப்படி செய்யும் மருந்துக்கு உரிமம் பெற மனிதப் பரிசோதனை தேவையில்லை என்கிறது நம் சட்டம். இன்னொரு பக்கம், மூளை நோய்களையும் பக்கவாதத்தையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. முதல் சலுகை மரபை ஆராயாமல் விட்டுவிடுகிறது. இரண்டாவது தடை பெரும்பாலும் ஏட்டோடு நிற்கிறது. பாளையங்கோட்டையில் 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அருகிலேயே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, தரப்படுத்திய நீர்ப்பிரமியையோ பூனைக்காலியையோ சில நூறு நோயாளிகளிடம், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, சில ஆண்டுகள் தொடர்ந்து சோதிக்கலாம். முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசு அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். வென்றால் 1937இல் சென்னை ஆய்வகம் தொடங்கிவைத்த வேலை நம் மண்ணிலேயே நிறைவுபெறும். தோற்றால் ஏழைக் குடும்பங்களின் பணம் மிஞ்சும். அதுவரை, மூளையைக் காக்க வேண்டும் என்று கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும், விற்கிறவர் எந்தக் கடைக்காரரானாலும், முதலில் ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்வதே அறம்.